ஏறும்போது மூச்சு, இறங்கும்போது முட்டி

கொடைக்கானல் மலையின் பள்ளங்கியில் மாலை நாலரை மணி. பனி இறங்கத் தொடங்கிவிட்டது. கடைசி கேரட் மூட்டையை மேல் ரோட்டில் நிற்கும் வேனில் ஏற்றிவிட்டு, காலிச் சாக்கைத் தோளில் போட்டபடி படிக்கட்டு வயலில் இறங்கி வருகிறார் ஒரு தொழிலாளி. காலையிலிருந்து மூட்டையோடு ஏறியபோதெல்லாம் பிசகாத கால், சுமையே இல்லாத இந்த நேரத்தில் ஈரமான யூகலிப்டஸ் இலைமேல் பட்டு, உள்பக்கமாக மடங்குகிறது. 'ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல' என்று எழுந்து நொண்டியபடியே வீட்டுக்குப் போகிறார். மறுநாள் கணுக்கால் பணியாரம் மாதிரி வீங்கி நிற்கிறது. பத்து நாள் கூலி போச்சு.

பேரிலேயே பள்ளத்தை வைத்திருக்கும் இந்த ஊரிலும், கொடைக்கானல் மலையில் எங்கு பார்த்தாலும், வேலைக் காயத்தின் கதை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஏற்றத்தில் நாம் எச்சரிக்கையாக இருக்கிறோம். மூச்சு வாங்குவதால் உடம்பே நம்மை நிறுத்திவிடும். இறக்கத்தில் மூச்சு வாங்காது. அதனால் 'வேலை முடிந்தது' என்று மனசு முந்திக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். கால் பின்னால் தனியாக வரும்.

தோட்ட வேலை, கட்டட வேலை, டிரைவர், ட்ரெக்கிங் கைடு, ஹோம்ஸ்டே சமையல் என்று மலையில் எந்த வேலை பார்ப்பவராக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஆடும் இளைஞராக இருந்தாலும், இந்தக் கட்டுரையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: இறக்கத்தையும் வேலையாக எண்ணுங்கள். மலை இறக்கம், சுமை இறக்கம், அடிபட்ட பிறகு படிப்படியாகத் தேறி வருவது எல்லாமே அதில் அடக்கம்.

இறக்கம் ஏன் ஆபத்து?

ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பை மேலே தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. அதாவது பிரேக் வேலை. முழங்காலுக்குள் அளவுக் கருவி பொருத்தி ஆய்வு செய்திருக்கிறார்கள். படியிறங்கும்போது முட்டியில் விழும் பாரம் உடல் எடையைப் போலச் சுமார் மூன்றரை மடங்கு. அறுபது கிலோ ஆள் ஒவ்வொரு படிக்கும் இருநூறு கிலோவைத் தாங்குகிறார். முதுகில் மூட்டையும் இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் மலையில் நடைப்பயணிகள் விழுந்த விபத்துகளைப் பல ஆண்டுகளுக்கு எடுத்து ஆராய்ந்ததில், நான்கில் மூன்று பங்கு இறங்கும்போது நடந்தவை. அங்கே பனிமலை, இங்கே சோலைமலை. கால் ஒன்றுதான்.

இன்னொன்று: இறக்கத்தில் தசைக்கு ஏற்படும் நோவு உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்கு வரும். முதன்முதலாக மலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வரும் சமவெளிக்காரர், முதல் நாள் 'நல்லாத்தானே இருக்கேன்' என்று இரட்டை வேலை செய்துவிட்டு மூன்றாம் நாள் படியிறங்க முடியாமல் உட்கார்ந்துவிடுவது இதனால்தான். புது ஆளுக்கு முதல் வாரம் பாதிச் சுமை. மேஸ்திரிகள் இதை விதியாகவே வைத்துக்கொள்ளலாம்.

டிரைவரிடம் ஒரு பாடம்

காட் ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரு பால பாடம் உண்டு: எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரில் இறங்கு. நியூட்ரலில் விட்டவன் வளைவில் விடுவான். காலுக்கும் அதே விதி.

• எட்டு சிறிதாக இருக்கட்டும். நீளமான எட்டு வைத்தால் குதிகால் முதலில் மோதும், முட்டி விறைத்து நிற்கும். முட்டியை லேசாக மடக்கி, பாதம் முழுவதும் பதிய இறங்குங்கள்.

• செங்குத்தான இடத்தில் நேரே இறங்காமல் வளைந்து வளைந்து இறங்குங்கள். பொதிக்குதிரைகள் இறங்குவதைக் கவனித்தால் தெரியும். அவை நேரே வராது.

• கையில் ஒரு கம்பு. வயசானவர்களுக்குத்தான் தடி என்ற கூச்சம் வேண்டாம். முட்டியில் விழும் பாரத்தில் ஒரு பங்கைக் கையும் தோளும் வாங்கிக்கொள்ளும்.

• ரப்பர் செருப்பு தோட்டத்துக்கு ஆகாது. அடி தேய்ந்த கம்பூட்ஸும் அதே கதைதான். அடிப்பாகத்தில் பற்கள் தெரிகிற காலணி வேண்டும். இறங்கும் முன் லேஸை ஒருமுறை இறுக்கிக் கட்டுங்கள். பாதம் முன்னால் வழுக்கினால் கட்டைவிரல் நகம் கறுக்கும்.

• கடைசி ஒரு மணி நேரத்துக்கு லேசான வேலைகளை ஒதுக்குங்கள். கால்பந்தில்கூடத் தொடைத் தசை கிழிவது ஒவ்வொரு பாதியின் கடைசிக் கட்டத்தில்தான் அதிகம். களைத்த தசை பிரேக் பிடிக்கத் தாமதிக்கும்.

வேலைக்கு முன் பத்து நிமிடம்

மார்கழியில் கொடைக்கானலில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாக நிற்கும். அந்தக் குளிரில் டீ குடித்த கையோடு மூட்டையைத் தூக்குவது, குளிர்ந்த எஞ்சினை முழு வேகத்தில் முறுக்குவது போல.

நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையான பெண் கால்பந்து வீராங்கனைகளிடம் ஒரு சோதனை நடந்தது. சில கிளப்புகள் ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம் ஓட்டம், தசை வலு, சமநிலை ஆகிய மூன்றும் கலந்த பயிற்சியைச் செய்தன. மற்றவை வழக்கம்போல ஆடின. 2008-ல் வெளியான முடிவு: பயிற்சி செய்த கிளப்புகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெரிய காயங்கள் இன்னும் குறைவு. கபடி, வாலிபால், கால்பந்து ஆடுகிறவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். தோட்ட வேலைக்குப் பத்து நிமிடம் போதும்:

முதல் மூன்று நிமிடம், இருக்கும் இடத்திலேயே வேகமாக நடை. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோலப் பதினைந்து முறை. மூன்றாவதாக ஒவ்வொரு காலையும் முன்னே வைத்து முட்டி மடக்கி இறங்கி எழுவது பத்து முறை. நான்காவது, படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது பதினைந்து முறை. குதிகால் தசைநாண் வலிக்கு ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃப்ரெட்சன் 1998-ல் வெளியிட்ட சிகிச்சையே இந்த 'மெதுவாக இறக்குவது'தான். கடைசியாக ஒற்றைக் காலில் நிற்பது, ஒவ்வொரு காலுக்கும் அரை நிமிடம்.

இந்த ஐந்தில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் கடைசியைச் செய்யுங்கள். காலையில் பல் விளக்கும்போது ஒரு பாதி நேரம் வலக்காலில், மறு பாதி இடக்காலில் நில்லுங்கள். தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுபடி பிசகாமல் காப்பதற்கு இதைவிட மலிவான வைத்தியம் இல்லை.

சும்மாடும் கிலோவும்

துண்டை வட்டமாகச் சுருட்டிச் சும்மாடு கூட்டித் தலைச்சுமையாக ஏற்றுவது நம் பெண்களின் தேர்ந்த கலை. சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கும், நடை அசையாது. ஆனால் அந்தக் கலைக்கும் எல்லை உண்டு. கழுத்து எலும்பு எல்லா எடையையும் தாங்கப் படைக்கப்பட்டதல்ல.

உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் தந்த பரிந்துரைப்படி வளர்ந்த ஆண் ஒருவர் சுமக்கத்தக்க உச்ச எடை 55 கிலோ. பெண்களுக்கு அதைவிட நன்றாகக் குறைவாக இருக்க வேண்டும். அமெரிக்கத் தொழில் நலக் கழகத்தின் கணக்கு இன்னும் கறார்: சமதரையில், உடம்பை ஒட்டி, திருகாமல், எல்லாம் சரியாக அமைந்தாலும் தூக்கப் பாதுகாப்பான எடை 23 கிலோதான். நம் மூட்டைகள் அறுபதையும் எழுபதையும் தொடுகின்றன.

மூட்டையின் அளவைச் சிறிதாக்குவது முதலாளி கையில் இருக்கிறது. எண்பது கிலோ மூட்டை ஒன்று, நாற்பது கிலோ மூட்டை இரண்டு. சந்தைக்குப் போகும் கேரட் அதே எண்பது கிலோதான். நடை ஒன்று கூடும், முதுகு ஒன்று மிஞ்சும். மற்றபடி தூக்குகிறவர் கையில் இருப்பவை மூன்று. சுமையை மார்போடு ஒட்டி எடுங்கள். கை நீட்டித் தூக்கினால் பாரம் பல மடங்காகும். தூக்கியபடி இடுப்பைத் திருகாமல், காலை நகர்த்தித் திரும்புங்கள். தரையிலிருந்து எடுப்பதைத் தவிர்க்க, மூட்டையை முதலிலேயே இடுப்பளவு திட்டிலோ வரப்பிலோ அடுக்குங்கள். படிக்கட்டு வயலில் அதற்கு மேடைகளே இயற்கையாக இருக்கின்றனவே.

மடங்கிவிட்டது, இப்போது?

கால் மடங்கியதும் ஊர் கூடிவிடும். ஒருவர் தைலம் கொண்டுவருவார். ஒருவர் உருவிவிடுகிறேன் என்று உட்காருவார். கால் முன்னே வந்து பிறந்தவர் மிதித்தால் பிடிப்பு விடும் என்று இன்னொருவர் ஆள் தேடுவார். அன்பெல்லாம் சரி. முதல் இரண்டு நாள் அந்தக் காலை யாரும் உருவக் கூடாது. உள்ளே கிழிந்த நார்களிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருக்கும். சூட்டு ஒத்தடமும் அழுத்தித் தேய்ப்பதும் அந்தக் கசிவைக் கூட்டும்.

விளையாட்டு மருத்துவத்தில் நெடுங்காலம் நான்கு சொல் மந்திரம் ஒன்று ஓடியது: ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்திவை. 1978-ல் அதைப் பரப்பியவர் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின். அவரே 2014-ல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தன் சொல்லைத் திருத்திக்கொண்டார். வீக்கம் என்பது எதிரியல்ல, உடம்பு அனுப்பும் பழுதுபார்க்கும் ஆட்கள். 2019-க்குப் பிறகு இயன்மருத்துவர்கள் சொல்வது இதுதான்: முதல் ஒன்றிரண்டு நாள் காயத்தைக் காப்பாற்று, பிறகு மெல்ல மெல்ல அதற்கு வேலை கொடு.

செய்ய வேண்டியவை:

முதலில் உட்காருங்கள். நடந்தே பார்க்கிறேன் என்ற வீரம் வேண்டாம். காலணியைக் கழற்றி, பாதத்தை இதயத்தைவிட உயரமாக வையுங்கள். வலி தாங்கவில்லையென்றால் குளிர் ஒத்தடம் பத்து முதல் பதினைந்து நிமிடம். ஐஸ் தேடி அலைய வேண்டாம், பள்ளங்கித் தண்ணீரில் நனைத்த துண்டே போதும். க்ரேப் பேண்டேஜை விரல் பக்கமிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். சுற்றிய பிறகு கால்விரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடியில் சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் மரக்கிறது, நீலமாகிறது என்றால் கட்டு இறுக்கம். உடனே தளர்த்துங்கள்.

மருந்துக்கடையில் 'கால் வலிக்கு ஒரு செட் மாத்திரை' என்று கேட்டு வாங்கிப் போடுவது மலையிலும் உண்டு, சமவெளியிலும் உண்டு. அந்த செட்டுக்குள் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரியாது. சில சமயம் ஸ்டீராய்டும் இருக்கும். வலியை மறைத்துக்கொண்டு மறுநாள் மூட்டை தூக்கினால் சுளுக்கு கிழிசலாகும். வேறு நோய் இல்லாதவருக்கு முதலில் பாராசிட்டமால் போதும். அதற்கு மேல் மருத்துவர் சொல்லட்டும்.

கொடைக்கானல் கடைகளில் விற்கும் யூகலிப்டஸ் தைலமும், புளியும் கல்லுப்பும் சேர்த்துக் காய்ச்சிய பற்றும் தோலுக்கு இதமாக இருக்கும். வலி உணர்வைக் கொஞ்சம் திசைதிருப்பும். வீக்கம் வடிந்த பிறகு இதத்துக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். கிழிந்த நாரை அவை ஒட்டவைக்காது. திறந்த புண்ணில் படவே கூடாது.

சுளுக்கா, எலும்பா?

இதற்கு எக்ஸ்ரே எடுக்கும் முன்பே ஒரு சோதனை உண்டு. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வகுத்தது. உலகமெங்கும் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் பயன்படுகிறது. நீங்களே பார்க்கலாம்:

ஒன்று, அடிபட்ட காலை ஊன்றி நாலு எட்டு வைக்க முடிகிறதா? நொண்டினாலும் பரவாயில்லை. இரண்டு, கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின் பின் விளிம்பையும் நுனியையும் விரலால் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? மூன்று, பாதத்தின் வெளி ஓரத்தில் சுண்டுவிரலுக்கும் குதிகாலுக்கும் நடுவில் துருத்தும் எலும்பு, உள்பக்கம் பாத வளைவின் மேலிருக்கும் எலும்பு. இவற்றை அழுத்தினால் வலிக்கிறதா?

நாலு எட்டு வைக்க முடியவில்லை, அல்லது இந்த எலும்புகளில் ஒன்று வலிக்கிறது என்றால் எக்ஸ்ரே அவசியம். இரண்டும் இல்லையென்றால் பெரும்பாலும் சுளுக்குதான். ஆனால் சிறு குழந்தைகள், குடித்திருப்பவர்கள், சர்க்கரை நோயால் பாதம் மரத்தவர்கள் ஆகியோரிடம் இந்தச் சோதனை செல்லாது. அவர்களால் வலியைச் சரியாக உணரவோ சொல்லவோ முடியாது.

எலும்பு முறிவுக்கு நாட்டுக்கட்டுப் போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் ஊர்களில் வேரோடியது. மருத்துவமனை எட்டாத காலத்தில் அந்த வைத்தியர்கள்தான் துணையாக இருந்தார்கள். இன்று ஒரே ஒரு நிபந்தனை: எக்ஸ்ரே பார்க்காமல் கட்டுப் போடாதீர்கள். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டுக்குள் வீக்கம் ஏறினால் ரத்த ஓட்டம் நின்று காலையே இழக்க நேரிடும். எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தால் பேச்சே இல்லை, நேரே மருத்துவமனை.

வெட்டு, சூடு, தலை

அரிவாள் வெட்டு, களை வெட்டும் இயந்திரம்: சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். காப்பித்தூள், சுண்ணாம்பு எதையும் அப்ப வேண்டாம். மண்ணும் சாணமும் பட்ட காயத்துக்குக் கடைசியாகத் தடுப்பூசி போட்டு ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் மறுபடி டி.டி. ஊசி தேவை. விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது.

சமையல் சூடு: ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். இட்லி மாவு, பற்பசை, மை ஒன்றும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். மோதிரம், வளையலை வீங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

நாய், குரங்கு கடி: சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ரேபிஸ் ஊசி. கீறல்தானே என்று விடாதீர்கள்.

தலையில் அடி: ஆட்டத்தில் தலை மோதித் தடுமாறியவர் அன்று மறுபடி களத்தில் இறங்கக் கூடாது. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனை.

இடுப்புப் பிடிப்பு: படுத்தே கிடப்பது பழைய வைத்தியம். முடிந்த அளவு நடமாடுகிறவர்தான் சீக்கிரம் தேறுகிறார். காலில் பலம் குறைந்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ அது வெறும் பிடிப்பு அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

வண்டி வராத இடத்தில்

1910-களில் காட் ரோடு போடும்வரை கொடைக்கானலுக்கு வந்த வெள்ளைக்காரர்களில் பலர் பெரியகுளம் பக்கமிருந்து ஆட்கள் தூக்கிய நாற்காலியில் மேலே வந்தார்கள். அந்தப் பழைய கூலிப் பாதையில் இருக்கும் வெள்ளகவி மக்கள், சாலை இல்லாததால் நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவந்த செய்தி நம் காலத்திலும் பலமுறை வந்துவிட்டது. அந்த மக்களுக்குத் தெரிந்ததை எல்லாத் தோட்டங்களும் தெரிந்துகொள்வது நல்லது.

மரத்திலிருந்தோ கூரையிலிருந்தோ விழுந்தவர் கழுத்து வலி என்றால், கை கால் மரக்கிறது என்றால், அவரை உட்கார வைக்காதீர்கள், தோளில் தூக்காதீர்கள். தலையைக் கையால் நேராகப் பிடித்தபடி 108-க்கு அழையுங்கள். கட்டாயம் நகர்த்த வேண்டும் என்றால் கதவுப் பலகை, ஏணிமேல் பலகை என்று விறைப்பான எதையாவது பயன்படுத்துங்கள். போர்வை டோலி கால் உடைந்தவருக்குச் சரி, முதுகு உடைந்தவருக்குச் சரியல்ல. டோலியோடு இறங்கும்போது உயரமானவர் கீழ்ப்பக்கம் பிடித்தால் தூளி சமமாக நிற்கும். மலையில் வெயில் மறைந்ததும் அடிபட்டவர் சட்டென்று குளிர்ந்துவிடுவார். மேலே மட்டும் போர்த்தினால் போதாது, அடியிலும் ஒரு சாக்கை விரியுங்கள்.

எந்தத் தோட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கும், எந்த வளைவுவரை வண்டி வரும் என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டிவையுங்கள். அவசரத்தில் இந்த இரண்டுதான் முதலில் மறக்கும்.

எப்போது திரும்ப வேலைக்கு?

'டாக்டர் பத்து நாள் சொன்னார், பத்தாச்சு' என்று கிளம்புகிறோம். நாள்கணக்கு உத்தேசம்தான். லேசான சுளுக்கு ஒன்றிரண்டு வாரத்தில் தேறும். நடுத்தரம் மூன்று முதல் ஆறு வாரம் இழுக்கும். உண்மையான கணக்கு காலிடம் இருக்கிறது. படிகள் இவை:

1. சமதரையில் நொண்டாமல் நடை.
2. வீட்டுப் படியில் வலியில்லாமல் இறக்கம்.
3. அடிபட்ட காலில் அரை நிமிடம் தனியாக நிற்பது, நல்ல காலைப் போலவே ஆடாமல்.
4. வெறுங்கையோடு வயலில் ஏறி இறங்குவது.
5. பாதிச் சுமை.
6. முழுச் சுமை. ஆட்டக்காரருக்கு ஓட்டம், ஒற்றைக் காலில் குதித்தல், திசை மாற்றம், பிறகு ஆட்டம்.

ஒவ்வொரு படிக்கும் தீர்ப்பு மறுநாள் காலையில். எழுந்ததும் வீக்கமோ வலியோ முந்தின நாள் காலையைவிடக் கூடியிருந்தால் ஒரு படி கீழே இறங்குங்கள். அப்படியே இருந்தால் அடுத்த படி ஏறலாம். நாலாம் படியில் இருப்பவரை வேலைக்கு எடுத்து, கேரட் தரம் பிரிக்க உட்கார வைக்கிற முதலாளி புத்திசாலி. ஆளும் கையில் இருப்பார், கூலியும் போகாது, காலும் தேறும்.

உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கும் இறக்கம் உண்டு. டிரைவர்கள் மணிக்கணக்கில் ஓட்டிவிட்டு லாரியிலிருந்து குதிக்காதீர்கள். விறைத்த முதுகு, விறைத்த முட்டி, நாலடி உயரம் மூன்றும் சேரக் கூடாது. பின்பாக்கெட்டுப் பர்ஸை எடுத்துவிட்டு உட்காருங்கள். ஹோம்ஸ்டேயில் லேப்டாப்போடு மாதக்கணக்கில் தங்கி வேலை பார்ப்பவர்கள் கட்டிலில் அல்ல, மேஜையில் உட்காருங்கள். திரை கண்மட்டத்துக்கு வரட்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள்.

காகிதமும் காசும்

வேலையில் பட்ட காயத்துக்கு அரசு மருத்துவமனை போகும்போது 'வீட்டில் வழுக்கி விழுந்தேன்' என்று சொல்லாதீர்கள். எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு என்று உள்ளதைச் சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். மருத்துவமனையில் ஏ.ஆர். காப்பி என்பார்கள். நாளைக்கு இழப்பீடு, காப்பீடு எதற்கும் முதல் சாட்சி அந்தத் தாள்தான்.

1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம் முதல் 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்புவரை அடிப்படை ஒன்றுதான்: சட்டத்தின் வரம்புக்குள் வரும் வேலையில், வேலையின்போது வேலை காரணமாக ஏற்பட்ட காயத்துக்கு முதலாளி பொறுப்பு. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கு நல வாரியப் பதிவு தனியாக உதவும். பதிவை அடிபட்ட பிறகு தேடாதீர்கள். வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயதுவரையானவர்களுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டம் இருக்கிறது. விபத்தில் மரணம், முழு ஊனம் என்றால் இரண்டு லட்சம். ஒரு டீ, வடையின் விலை. சுளுக்குக்கு அதில் காசு வராது, அதையும் தெரிந்து சேருங்கள்.

சாலை விபத்து என்றால் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்ட யாருக்கும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில், திட்டத்தின் வரம்புவரை இலவசம். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் டிரைவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தரும் ஏற்பாடும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இயன்மருத்துவப் பட்டம், செவிலியர் படிப்பு, 108-ல் மருத்துவ உதவியாளர் வேலை இவையெல்லாம் இந்த மண்ணுக்கு நேரடியாகத் தேவைப்படும் தொழில்கள். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், ட்ரெக்கிங் கைடாகவோ ரிசார்ட் ஊழியராகவோ விண்ணப்பிக்கும்போது முதலுதவிச் சான்றிதழ் ஒன்று கையில் இருந்தால் அடுத்தவரைவிட ஒரு படி மேலே நிற்பீர்கள்.

முதலில் பார்த்த தொழிலாளிக்கு வருவோம். அன்று அவர் உட்கார்ந்து, நாலு எட்டு வைத்துப் பார்த்து, கட்டுச் சுற்றிக்கொண்டு ஆள்துணையோடு இறங்கியிருந்தால் பத்து நாள் ஐந்தாகியிருக்கும். மூட்டை ஏற்றி முடித்ததும் வேன் ஓரத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, லேஸை இறுக்கி, வரப்பில் சாத்திய கம்பை எடுத்துக்கொண்டு கிளம்பியிருந்தால் அந்த ஐந்தும் மிஞ்சியிருக்கும். வேனில் கடைசி மூட்டை ஏறியதும் அன்றைய வேலை முடிந்துவிடுவதில்லை. வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போதுதான் முடிகிறது.